மிதக்காத சாவுகள்: மலையக ஓடைகளில் மீன்முட்டையின் கதி

இலங்கை மலையகத்தில் மீன்முட்டையைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். கோப்பியை இலைநோய் தின்று தீர்த்து, அந்த மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பழுப்பு ட்ரவுட் மீனின் முட்டைகள் கப்பலேறி நுவரெலியா வந்து சேர்ந்தன. தூண்டில் போட ஊரில் பழகிய மீனே வேண்டும் என்பது துரைமாரின் ஆசை. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் பிறந்தது. பொரிப்பகங்கள் வைத்து முட்டையைக் குஞ்சாக்கி ஓடைகளில் விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் இங்கே சரியாகப் பெருகவில்லை. திரும்பத் திரும்ப முட்டை வரவழைக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த வானவில் ட்ரவுட் மட்டும் ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் தானே முட்டையிட்டு நிலைத்தது.

அந்தப் பொரிப்பக வேலைக்காரர்களுக்கு ஓர் அறிவு இருந்தது. ட்ரவுட் முட்டை கருவுற்ற இரண்டொரு நாளில் மிக நொய்ந்த பருவத்துக்குள் போகும். தட்டைச் சற்று வேகமாக நகர்த்தினால்கூடச் செத்து வெளுத்துவிடும். இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரிய ஆரம்பித்ததும் அதே முட்டை முரடாகிவிடும். கடல் கடந்து அனுப்பப்பட்டவை இந்தக் கண்புள்ளிப் பருவ முட்டைகளே. முட்டைக்குள்ளேயும் பருவங்கள் உண்டு, ஒரு நாள் கொல்லும் அடி பத்து நாள் கழித்து ஒன்றும் செய்யாது என்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். இந்த அறிவு மலையகத்தின் சொந்த மீன்களுக்கு ஒருபோதும் செலவிடப்படவில்லை. அவற்றின் முட்டைகள் எங்கே கிடக்கின்றன, எப்போது பொரிக்கின்றன, தேயிலை மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அவற்றை என்ன செய்கிறது என்ற கேள்விகளுக்குக் கிளப்பும் இல்லை, பொரிப்பகமும் இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனையின்பேரில், 5000 அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று காலனி அரசு முடிவெடுத்தது. விதிவிலக்குகள் ஏராளம், நுவரெலியாவைச் சுற்றி அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை நிற்கிறது. ஆனாலும் ஹோட்டன் சமவெளி, பிதுருதலாகலை போன்ற உச்சிகள் தப்பியதற்கு அந்த 5000 அடிக் கோடுதான் காரணம். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் உள்நாட்டு மீன் எதுவும் இருந்ததில்லை என்பது மீனியலாளர் பலரின் கருத்து. இலங்கையின் நன்னீர் மீன்கள் மலையேற ஏறக் குறைந்து, ஏறத்தாழ 1500 மீற்றரை நெருங்கும்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். அந்தக் கோடு காப்பாற்றிய ஓடைகளில் துரைமாரின் ட்ரவுட் இருந்தது. நாட்டு மீன்கள் கோட்டுக்குக் கீழே, தேயிலைக்குள் இருந்தன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் விளைவு அப்படித்தான் ஆயிற்று.

கோட்டுக்குக் கீழே இருப்பவை பெரிய மீன்கள் அல்ல. பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் காரா, அயிரைக்கு உறவான, கல்லிடுக்கில் பதுங்கும் சிஸ்டுரா, குரவை இனத்துச் சிறுமீன், சில கெண்டைகள், வெள்ளிப் பக்கமும் நீலக் கோடுமாக நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் டெவாரியோ. இதில் டெவாரியோ மொண்டிகோலா என்ற மலை இனம் 2017இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதன் ஊர் மகாவலியின் தலைநீர்ப் பகுதியான அக்கரப்பத்தனைப் பக்கம். 150 ஆண்டு தேயிலை வரலாற்றுக்குப் பிறகு அந்தத் தேயிலைக்கு நடுவே ஒரு மீனுக்குப் பெயர் கிடைத்தது.

டெவாரியோவை நான் குறிப்பிட்டுச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் கருவளர்ச்சி படிக்கப் பயன்படும் வரிக்குதிரை மீன் இதன் நெருங்கிய உறவு; கங்கைச் சமவெளி, வங்காளப் பக்கத்து மீன். அதன் முட்டை கண்ணாடிபோல் ஊடுதெரியும். 28 டிகிரி நீரில் கருவுற்ற ஒரு நாளிலேயே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு ஓட்டைக் கிழித்து வெளிவரும், நான்கைந்து நாளில் காற்றுப்பை நிரம்பி நீந்தத் தொடங்கும். குளிர்ந்த மலைநீரில் இந்தக் கணக்கு நீளும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2013இல் ஏற்றுக்கொண்ட 236ஆம் இலக்கச் சோதனை முறை இந்த முட்டையை வைத்துத்தான் நடக்கிறது. 96 மணி நேரம் முட்டையை நஞ்சு கலந்த நீரில் வைத்து நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். முட்டை வெளுத்து உறைந்ததா? முதுகுத் தசைத் துண்டங்கள் உருவாகவில்லையா? வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியவில்லையா? இதயம் துடிக்கவில்லையா? இந்த நான்கும் சாவின் அடையாளங்கள். சாகாமல் பிழைத்தவற்றில் தெரியும் கோளாறுகள் வேறு: இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல், முதுகெலும்பு வளைதல், தாடை வளராமை, காற்றுப்பை நிரம்பாமை. வளைந்த முதுகோடு பொரித்த குஞ்சு ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு வாரம் உயிரோடிருக்கும். டிக்கோயாப் பக்கத்து ஓடையில் ஒரு மணி நேரம் தாங்காது; தும்பிக் குடம்பி பிடித்துக்கொள்ளும், அல்லது ஓட்டம் இழுத்துப்போகும்.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் வாதம் தொடங்குகிறது. நீர் மாசு என்றதும் நம் மனத்தில் வருவது செத்து மிதக்கும் மீன். பத்திரிகையில் வரும் படமும் அதுதான். முட்டை மிதக்காது. ஒரு மில்லிமீற்றர் அளவான, நிறமற்ற ஒன்று கற்களுக்கிடையே வெளுத்துக் கரைவதை யாரும் பார்ப்பதில்லை. ஓர் ஓடை தன் மீன்களை ஒரு பிணம்கூட மிதக்காமலே இழக்க முடியும். மலையக ஓடைகளின் தன்மையையும் தேயிலையின் வேலைக் கலண்டரையும் சேர்த்துப் பார்த்தால், அப்படி இழப்பதற்கே இங்கு வாய்ப்பு அதிகம் என்று எண்ணுகிறேன்.

மண்

மாசு என்றால் மருந்து என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மலை ஓடையில் முட்டைக்கு முதல் எதிரி வெறும் மண்.

சரளைக் கல்லிலும் பாறை இடுக்கிலும் ஒட்டிக் கிடக்கும் முட்டைக்குச் செவுள் கிடையாது. ஓட்டின் வழியாக ஒட்சிசன் உள்ளே கசிய வேண்டும், உள்ளே சேரும் அமோனியாக் கழிவு வெளியே கசிய வேண்டும். இரண்டுக்கும் முட்டையைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது அவசியம். நுண்மண் சரளையின் இடைவெளிகளை அடைத்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடும். கரு உடனே சாகாது. வளர்ச்சி மந்தமாகும், பொரிப்பது தள்ளிப்போகும், சிறுத்த குஞ்சு வரும். பூஞ்சை பிடித்த ஒரு முட்டை பக்கத்து முட்டைகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

நன்றாகக் கவிந்த தேயிலை மண்ணை நன்றாகவே பிடித்துவைக்கும். இதைச் சொல்லாமல் விடுவது தேயிலைக்குச் செய்யும் அநியாயம். மண் போவது கவ்வாத்து வெட்டி மலை மொட்டையாகக் கிடக்கும் மாதங்களில், பழைய விதைத் தேயிலையில் செடி செத்து இடைவெளி விழுந்த மலைகளில், புதுக்கன்று நடப் பிடுங்கிப்போட்ட நிலத்தில். அதைவிட அதிகமாக, நுவரெலியாவைச் சுற்றிச் செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போடும் மரக்கறித் தோட்டங்களில். தேயிலை மலையில் குறுக்கே வெட்டும் கான் மழைநீரை மலையிலிருந்து பத்திரமாக வெளியேற்றவே வெட்டப்படுகிறது. கானுக்குள் இடையிடையே குழியும் தடுப்பும் விட்டு மண்ணைத் தேக்கிவைக்கும் பழைய முறையில் வண்டலை அள்ளி மலைக்கே போட ஆள் வேண்டும். ஆள் குறையும்போது கான் வெறும் வாய்க்காலாகிவிடும். மண் நேரே ஓடைக்கு. மகாவலியில் 1976இல் திறந்த பொல்கொல்ல அணையின் நீர்த்தேக்கம் 12 ஆண்டுக்குள் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 வீதத்தை வண்டலுக்குக் கொடுத்தது. பொறியியலாளர்கள் அதை மின்சாரத்தின், பாசனத்தின் கணக்கில் எழுதினார்கள். அந்த மண் பொல்கொல்லவுக்கு வருமுன் எத்தனை மைல் சரளையின் மேல் படிந்து வந்தது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

செம்பு

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளங்கொழுந்தில் கொப்புளம் விட்டு வெளுத்துப் போகச் செய்யும் பூஞ்சை அது. பறிக்க வேண்டிய இலையையே தின்பது. செம்பு கலந்த மருந்துகள் அதைத் தடுத்தன. இன்றுவரை செம்பு உப்புகள் அந்த வேலையில் இருக்கின்றன. கோடையில் கொப்புள நோய் வராது. பனியும் தூறலும் வேண்டும், இலை மணிக்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழைக் காலம்தான் அதன் காலம். ஆகவே செம்பு அடிப்பதும் மழைக் காலத்தில்தான், அதிலும் கவ்வாத்துக்குப்பின் துளிர்க்கும் மலையில் அடிக்கடி.

கெண்டை இனங்கள் பலவும் மழை தொடங்கி ஓடை பெருகுவதை அடையாளமாகக் கொண்டு முட்டையிடுகின்றன. மண்ணில் ஈரம் ஏறியதும் யூரியாக் கலவை உரம் போடுவதும் அதே காலம். மருந்து, உரம், மண், முட்டை ஆகிய நான்கும் ஒரே வாரங்களில் ஒரே கானின் வாயில் சந்திக்கின்றன. எந்தப் பொருள் எவ்வளவு நஞ்சு என்ற அட்டவணையைவிட இந்தக் கலண்டர் பொருத்தமே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

செம்பு மனிதனுக்குப் பெரிய நஞ்சல்ல. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்த சமூகம் நாம். மீன் வேறு. செவுளிலும் கருவின் தோலிலும் சோடியத்தை உள்ளே இழுக்கும் வழிகளைச் செம்பு அடைக்கும். உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டிருக்க, ஈடுசெய்ய முடியாமல் கரு மெலியும். முட்டை ஓட்டைக் கரைத்துக் குஞ்சை வெளியே விடும் பொரிப்பு நொதியையும் அது மந்தப்படுத்தும். இன்னும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. மீனின் உடலின் பக்கவாட்டில் நீரதிர்வை உணரும் நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக இருக்கும். ஓட்டத்துக்கு முகம் திருப்பி நிற்கவும், பின்னால் வரும் வாயை உணர்ந்து தப்பவும் இவை வேண்டும். வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் லீற்றருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே இந்தச் செல்களைக் கொல்லப் போதுமானது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. சால்மன் இளமீன்களின் மோப்பத்தை அதைவிடக் குறைந்த அளவே மழுங்கடித்தது. அந்தக் குஞ்சு செத்ததாகக் கணக்கில் வராது. அது செவிடாகவும் மோப்பமற்றும் பிறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராம் செம்பு ஒரு லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவரும். மருந்து அடித்து முடித்த பம்பை ஓடையில் கழுவும் பழக்கம் தோட்டங்களில் புதிதல்ல. கழுவுபவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை; மலையின் நடுவே கழுவுவதற்கு வேறு தண்ணீர் வைத்துக்கொடுக்காதவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

செம்பு பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஓடைக்குக் கரைந்து வருவது கொஞ்சமே என்று ஒரு மறுப்பு வரும். சரியான மறுப்புதான். ஆனால் ஒட்டிக்கொண்ட மண்ணே ஓடைக்கு வந்து முட்டையின் மேல் படிகிறதே.

இனி நீருக்கு வருவோம். ஹட்டன், நுவரெலியா மலைகளின் அடிப்பாறை மிகப் பழைய படிகப் பாறை, எளிதில் கரையாதது. அதன்மேல் ஓடிவரும் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. பீலியில் துணி துவைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்: சவர்க்காரம் கொஞ்சம் தேய்த்தாலே நுரை கொட்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் அப்படி நுரைக்காது. அந்தக் கல்சியம் மீனுக்குக் கவசம். செவுளில் செம்பு ஒட்டும் இடங்களில் கல்சியம் முந்திக்கொண்டு உட்காரும். கடின நீரில் தாங்கக்கூடிய செம்பு மென்னீரில் கொல்லும். உலோக நச்சின் வரம்பை நீரின் கடினத்தன்மையோடு சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் பல நாடுகளில் வந்ததற்கு இதுவே காரணம். மலையகத்துத் தண்ணீர் தெளிவாகவும் ‘சுத்தமாகவும்’ இருப்பதே அதன் பலவீனம். வறண்ட வலயத்துக் குளத்துக்கு வகுத்த ஓர் எண்ணை மலை ஓடைக்கும் பொருத்தினால், மலை ஓடை தோற்றுப்போகும்.

புளித்த நீர் கற்பித்தது

மீன் சாகாமலே மீனினம் அழியும் என்பதை உலகம் தெளிவாகக் கண்டது அமில மழையின் காலத்தில். நோர்வேயின் தென்பகுதி ஏரிகளிலும் கனடாவின் ஒண்டாரியோ ஏரிகளிலும் மீன்கள் மறைந்தபோது, பல இடங்களில் முதலில் தென்பட்டது ஒரு விசித்திரம். பிடிபடுபவை எல்லாம் பெரிய, வயதான மீன்கள், இளமீன்களே இல்லை. தூண்டில்காரர்கள் பெரிய மீன் கிடைக்கிறதென்று மகிழ்ந்த கதைகளும் உண்டு.

டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒண்டாரியோவின் 223ஆம் இலக்க ஏரியில் 1976 முதல் கந்தக அமிலத்தைச் சிறுகச் சிறுகக் கலந்து, அதன் காரஅமில அளவை 6.8இலிருந்து 5க்குக் கொண்டுவந்தார்கள். 1985இல் வெளியான முடிவில் பெருஞ்சாவு எதுவும் இல்லை. 6ஐத் தாண்டி இறங்கியதுமே ஒரு சிறுமீனின் இனப்பெருக்கம் நின்றது. அந்த மீன் சில ஆண்டில் மறைந்தது. ஏரி ட்ரவுட் முட்டையிட்டும் குஞ்சு தேறவில்லை. வளர்ந்த ட்ரவுட் மட்டும், தின்ன இரை குறைந்து மெலிந்து, இருந்துகொண்டிருந்தது. ஏரியைப் பார்த்தவர் மீன் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். அமில நீரில் கருவுக்கு நேர்வது என்ன என்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டின. பொரிப்பு நொதி புளித்த நீரில் வேலை செய்யாது. கண், வால், துடிக்கும் இதயம் எல்லாம் நிறைவாக அமைந்த குஞ்சு, ஓட்டைக் கிழிக்க முடியாமல் உள்ளேயே சுருண்டு சாகும்.

தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி, 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண் அதற்கு உகந்தது. அமோனியம் உரங்கள் ஆண்டுக்காண்டு அந்த மண்ணை இன்னும் புளிக்கவைக்கின்றன; அதனால்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுகிறார்கள். புளித்த மண்ணில் அலுமினியம் கரையும். அமிலமும் அலுமினியமும் சேர்ந்து வந்தபோதுதான் நோர்வே மீன்களின் செவுள்கள் அடைபட்டன. மலையக ஓடைகள் நோர்வே ஏரிகளின் அளவுக்குப் புளித்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. தாங்கிக்கொள்ளும் கல்சியம் இல்லாத நீர், புளித்த மண், கொட்டும் மழை என்ற மூன்றும் இங்கேயும் சேர்ந்திருக்கின்றன. மழையின் முதல் வெள்ளத்தில் சில மணி நேரம் மட்டும் நீர் புளித்தாலும், அந்தச் சில மணி நேரம் பொரிக்கும் நேரமாக இருந்தால் போதும். மாதம் ஒருமுறை போத்தலில் நீர் எடுத்துச் சோதிப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

மண், செம்பு, அமிலம் போக, பூச்சிமருந்து, களைமருந்து பற்றி இலங்கையிலேயே செய்த ஆய்வுகள் இருக்கின்றன. டி சில்வாவும் சமயவர்தனவும் குளோர்பைரிஃபோஸ் என்ற பூச்சிமருந்தின் மிகத் தாழ்ந்த அளவுகளை நுளம்புக் குடம்பி தின்னும் கப்பி மீனில் சோதித்து, 2002இலும் 2005இலும் வெளியிட்டார்கள். லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமைச் சுற்றிய அளவுகளிலேயே குஞ்சுகளின் நடத்தையும் திசுக்களும் பாதிக்கப்பட்டன. வளர்ந்த மீன்களில் ஆணின் புணர்ச்சி முயற்சி குறைந்தது, ஈன்ற குஞ்சுகள் குறைந்தன. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் மரத்தவளையின் தலைப்பிரட்டைகளில் குளோர்பைரிஃபோஸ், டைமெத்தோயேட், கிளைபோசேட், புரோப்பனில் என்ற நான்கையும் சோதித்தார்கள். முதுகு வளைந்தவை, உடம்பில் நீர் கோத்தவை எனப் பல கோளாறுகள் தென்பட்டன. தவளை மீனல்ல, ஆனால் கடின ஓடில்லா முட்டை, நீரில் வளரும் இளமைப் பருவம் என்ற வகையில் ஒரே தண்ணீரின் பங்காளி.

கிளைபோசேட் அரசியலாகிப்போன பெயர். வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயின் பேரில் 2015இல் நாடு முழுவதும் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு. அந்த விவாதத்தில் ஒரு பழைய மீன் ஆய்வு பேசப்படவே இல்லை. 1979இல் அமெரிக்காவில் வெளியான அந்த ஆய்வின்படி, அக்காலக் கடைச்சரக்கான கலவையில் கிளைபோசேட்டைவிட, அது இலையில் பரவுவதற்காகச் சேர்த்த சவர்க்காரம் போன்ற துணைப்பொருளே மீனுக்கு அதிக நஞ்சு. வானவில் ட்ரவுட்டில் கண்புள்ளி முட்டை மிகவும் தாங்கியது. மஞ்சட்கருப் பையோடு பொரித்த குஞ்சும் முதல்முறை நீந்த எழும் குஞ்சும் எளிதில் செத்தன. நுவரெலியாப் பொரிப்பகத்துக்காரர்களுக்குத் தெரிந்த அதே பாடம். தடைக் காலத்தில் வேறு களைமருந்துகள் புழங்கி, எம்சிபிஏ என்ற ஒன்றின் எச்சம் தேயிலையில் தென்பட்டதாக 2018இல் ஜப்பான் சந்தையில் சிக்கல் எழுந்தது, தோட்டத்துறை பதறியது. கொழுந்தில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு வாங்குபவர் இருக்கிறார். ஓடையில் என்ன இருக்கிறது என்று கேட்க வாங்குபவர் இல்லை.

கழிவுநீரின் கதை கொஞ்சம் வேறு. லயங்களின் மலசலக் கழிவும், நகரத்துச் சாக்கடையும், மரக்கறித் தோட்டத்துக் கோழியெருவும் அமோனியாவைக் கொண்டுவருகின்றன. சற்றுப் புளித்த குளிர்நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மலைநீர் மீனுக்குச் சாதகம். 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டத் தொடங்கிய கிரகரி வாவி போன்ற தேங்கிய நீரில் அந்தச் சாதகம் போய்விடும். சத்து மிகுந்து பாசி பெருகினால், வெயில் நேரத்தில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள நீர் காரமாகும். அதே அமோனியா நஞ்சாக மாறும். இரவில் அதே பாசி ஒட்சிசனைக் குடிக்கும். பகலில் நஞ்சு, இரவில் மூச்சுத்திணறல். வாவியின் நீர் நானுஓயாவாக இறங்கிக் கொத்மலை ஓயாவோடு சேர்கிறது.

‘காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கிறார்களே, மாசு என்றால் எப்படி?’ என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. அங்கே பிடிபடுபவற்றில் முக்கியமானது திலாப்பியா. 1952இல் கொண்டுவந்த ஆபிரிக்க இனமும் பின்னால் வந்த நைல் இனமும். திலாப்பியாவின் தாய் முட்டைகளை வாயில் வைத்து வளர்க்கும். வாய்க்குள் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும், மண் படியாது, நீர் கெட்டால் முட்டையோடு வேறிடம் போகலாம். மலை ஓடையில் விடாப்பிடியாக இருக்கும் குரவை இனத்துச் சிறுமீனும் வாயில் முட்டை சுமப்பதுதான். அதில் சுமப்பது தகப்பன். கல்லிலும் சரளையிலும் முட்டையைக் கைவிட்டுப் போகும் காராவுக்கும் டெவாரியோவுக்கும் அந்த வசதி இல்லை. எது பிழைக்கிறது என்பதை அதன் பலத்தைவிட அது முட்டையை எங்கே வைக்கிறது என்பதே தீர்மானிக்கிறது என்பது என் ஊகம். அது சரியாக இருந்தால், நீர்த்தேக்கத்தில் திலாப்பியா நிறைந்திருப்பது ஓடை நலமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. குஞ்சை வேறெங்கோ பொரித்து நீர்த்தேக்கத்தில் விடும் வழக்கமும் இருக்கையில், வலையில் விழும் மீனின் எடை முட்டையின் கதியைச் சொல்லவே சொல்லாது.

2019இல் இலங்கை சூழல் நீர்த்தர ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. நீர்வாழ் உயிர்களுக்கான நீருக்கு அதில் தனி வகை இருக்கிறது, நல்லது. ஆனால் பரிசோதனைப் பட்டியல் எப்போதும் நீரைத்தான் கேட்கிறது. ஒட்சிசன் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, காரஅமில அளவு எவ்வளவு. ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரு கருவைக் கொல்லலாம். கருவையே கேட்கும் முறை ஒன்று பழையதாகவே இருக்கிறது. பிரான்சின் ரிச்சர்ட் விபேர் 1950களில் வடிவமைத்த, துளையிட்ட சின்னஞ்சிறு பெட்டி. முட்டைகளை அதில் இட்டு ஓடையின் சரளைக்குள் புதைத்து, சில நாள் கழித்து எடுத்து, பொரித்தவற்றை எண்ணுவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ட்ரவுட் முட்டைக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே டெவாரியோவுக்கேற்ப இன்னும் நுண்ணிய வலையில் செய்ய வேண்டும். அந்த மீன் தொட்டியில் முட்டையிடக்கூடியது; அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு அது புதுவேலை அல்ல. மருந்துச் சுற்றுகளின் கலண்டர் 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டல்களில் இருக்கிறது. நீர்ப் பரிசோதனை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் பழக்கம். பொரிப்பக அனுபவம் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் உண்டு.

காட்டிலிருந்து ஓடை தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெட்டி, கான்கள் எல்லாம் சேர்ந்தபின் கீழே ஒரு பெட்டி. தென்மேல் மழைக்கு முன்னும், முதல் செம்புச் சுற்றுக்குப் பின்னும். மேலே எத்தனை பொரித்தது, கீழே எத்தனை பொரித்தது, பொரித்தவற்றில் எத்தனைக்கு முதுகு நேராக இருக்கிறது. ஒரு கைவில்லையும் அப்பியாசக் கொப்பியும் உள்ள எந்தத் தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரும் இதை எண்ணலாம். கீழ்ப்பெட்டியை முதல் வெள்ளம் அடித்துப்போகாமல் கல் கட்டி நிறுத்துவதுதான் கொஞ்சம் சிரமம்.